அமுக்குக் கூலி

அடிப்பிடித்த பாத்திரத்துக்குப் பஞ்சம் வரும் என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா? பளபளாக்காவுக்கு வந்தது. பத்து வருஷம் ஒரு பெரிய கேன்டீனின் பின்பக்கத்தில் நின்று, இடுப்பளவு அண்டாக்களுக்குள் தலையைக் கவிழ்த்துத் தேய்த்தவள் அவள். அப்போதெல்லாம் கரி அவளைத் தேடி வந்தது. இப்போது காயலான் கடை ஒன்று விடாமல் அவள் கரியைத் தேடி அலைந்துகொண்டிருந்தாள்.

"எவ்வளவு நல்ல பாத்திரம் கெடக்கு, உனக்கு இந்தக் கருகல்தான் வேணுமா?" என்பார் காயலான் கடைக்காரர்.

"அடி நல்லா கருகியிருக்கணும்ண்ணே. பாத்தா வயித்தக் கலக்கணும். அப்படி ஒண்ணு குடுங்க."

"தங்கம் வாங்க வந்தவ மாதிரியில்ல பொறுக்கற!"

கருகல் கிடைக்காத வாரங்களில், நல்ல பாத்திரத்தில் பாலை ஊற்றிச் சர்க்கரை போட்டு அடுப்பில் வைத்துத் தானே தீய்ப்பாள். ஊரிலுள்ள பெண்களெல்லாம் வைத்தது தீயாமல் இருக்கப் பாடுபட, இவள் ஒழுங்காகத் தீய வேண்டுமே என்று அடுப்புக்குக் காவல் நின்றாள். எதிர்வீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "சமைக்கவே இங்க வழியைக் காணோம், இவ தீய்க்கறதுக்கு அடுப்ப மூட்டறா" என்று சொல்லிவிட்டுப் போவாள். சொல்வாளே தவிர, அவசரத்துக்கு ஓடி வருகிறவளும் அவள்தான்.

வேலை இதுதான். நாலு குடித்தனத்துக்கும் பொதுவான குழாயடியில் மற்றவர்கள் துவைத்து முடித்துப் போனபிறகு, காலை எட்டு மணி வெளிச்சத்தில் உட்கார்ந்து, கருகின பாத்திரம் ஒன்றைப் பளபளவென்று ஆகும்வரை தேய்க்க வேண்டும். அதை செல்போன் படம் பிடிக்கும். போனைக் கட்டி வைப்பதற்குப் புருஷனுடைய பெயிண்ட் ஏணி இருந்தது. படத்தில் முகம் வராது. இரண்டு கையும் ஒரு பாத்திரமும்தான். பேச்சில்லை, பாட்டில்லை. முதலில் சோடா உப்பைத் தூவி ஊறவைப்பாள். பிறகு மரக்கரண்டியின் முனையால் சுரண்டுவாள், பிறகு செங்கல்பொடி, பிறகு ஸ்டீல் நார், கடைசியில் பழைய பனியன் துணி. கரகரவென்று தேய்க்கிற சத்தத்தை மட்டும் பத்து நிமிஷத்துக்கு வெட்டிச் சேர்த்து ஏற்றிவிட்டால், எங்கெங்கோ இருக்கிறவர்கள் அதை உட்கார்ந்து பார்த்தார்கள். நடுநடுவே விளம்பரம் வரும். அந்த விளம்பரக் காசில் ஒரு பங்கை வீடியோக் கம்பெனி மாதாமாதம் அவள் கணக்கில் போடும்.

"இத ஒருத்தன் மெனக்கெட்டுப் பாக்கறானா? அவன் வீட்டுல பாத்திரமே இல்லயா?" என்று ஆரம்பத்தில் பெயிண்டர் கேலி செய்தான். அவள் புருஷன்தான் பெயிண்டர். படுத்துக்கொண்டே கேலி செய்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி வெளிச்சுவரில் நின்று அடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தவன் அவன். உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே எதுவும் அவன் சொல் கேட்கவில்லை. கான்ட்ராக்டர் முதல் வாரம் ஆஸ்பத்திரிக்குக் கட்டினார். அதற்குப் பிறகு அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அவனைத் தனியே விட்டுப் போக முடியாமல்தான் அவள் கேன்டீனை விட்டாள். வீட்டோடு இருந்து என்ன செய்யலாம் என்று தவித்தபோது, தெருமுனை செல்கடைத் தம்பி இந்த வழியைக் காட்டி, போன் வாங்கித் தந்து, எல்லாம் சொல்லிக் கொடுத்தான். 'பளபளா' என்று பெயர் வைத்ததும் அவன்தான். அது அவள்மேலேயே ஒட்டிக்கொண்டது.

அந்தக் காசில்தான் வாடகை. அந்தக் காசில்தான் தெரபி அம்மா. வாரத்துக்கு மூன்று நாள் அவர் வந்து, பெயிண்டரின் காலை மடக்கி நீட்டி, விரல் விரலாகத் தடவிப் பயிற்சி கொடுப்பார். ஏழு மாதம் எந்த அசைவும் இல்லை. எட்டாவது மாதம் ஒருநாள் வலது காலின் கட்டைவிரல், யாரோ கூப்பிட்டதுபோல லேசாகத் துடித்தது. பளபளாக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழாதீங்க. இனிமேதான் வேலையே இருக்கு" என்றார் தெரபி அம்மா. "விடாம இன்னும் ஆறு மாசம் செஞ்சா, ஒரு கம்பப் புடிச்சிக்கிட்டு கக்கூஸ் வரைக்கும் அவரே போயிடுவார். நடுவுல நிறுத்தினீங்க, எல்லாம் போச்சு. முட்டி இறுகிடும். அப்புறம் நானே வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

கக்கூஸ் வரைக்கும். அதைவிடப் பெரிய ஆசை அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. தினமும் பெண்டாட்டி கையால் துடைத்துவிடும்போது சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவனுக்கு வேறென்ன ஆசை இருக்கும்?

அதோடு நல்ல காலமும் வந்ததுபோல் இருந்தது. நாலு மாதமாக விளம்பரக் காசு ஏறிக்கொண்டே வந்தது. பார்க்கிறவர்கள் கூட்டம் முன்போலத்தான், ஆனால் காசு மட்டும் கூடியது. எப்படி என்று அவளுக்குப் புரியவில்லை. தன் கைநேர்த்தி பார்க்கிறவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். பத்து வருஷம் கேன்டீனில் தேய்த்தபோது ஒருத்தரும் 'நல்லாத் தேய்ச்சிருக்கே' என்று சொன்னதில்லை. இப்போது முகம் தெரியாத யாரோ காசாகவே சொல்கிறார்கள். அந்த நாலு மாதமும் அவள் குழாயடியில் உட்காருகிற தோரணையே மாறியிருந்தது. மழைக்காலம் தொடங்கி வெளிச்சம் மங்கினபோது, பாத்திரம் மினுக்கவில்லையே என்று ஒன்றையே மூன்று தடவை தேய்த்தாள்.

கம்பெனியின் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனில் வந்தது. ஒரு எழுத்தும் புரியாமல், நனைந்துகொண்டே செல்கடைக்கு ஓடினாள். தம்பி படித்தான். படிக்கப் படிக்க அவன் முகம் கறுத்தது.

"அக்கா, காச நிறுத்திட்டாங்க."

"இந்த மாசமா?"

"இனிமேலே கிடையாதுக்கா. விளம்பரத்த யாரோ வேணும்னே திரும்பத் திரும்ப அமுக்கியிருக்காங்களாம். பாக்கறவங்க பிடிச்சுப்போய்த் தொட்டா அது வேற. காசுக்காக ஆள் வச்சுத் தொடக்கூடாது. அது திருட்டு மாதிரி. அன்னைக்கே உங்ககிட்ட போன்ல சொன்னேனே, வீட்டாளுங்க தொடக்கூடாதுன்னு."

"சொன்னே. நான் ஒருநாளும் தொட்டதில்லயே தம்பி! விளம்பரம் வந்தா கையை அந்தாண்ட வச்சுக்குவேன்."

"உங்க வீட்டுல வேற யார் இருக்கா?"

"வேற யாரு? அவர்தான். பழைய போன்ல என் வீடியோவ ஓட்டிக்கிட்டுக் கெடப்பாரு. அவருக்கு என்ன தெரியும்? படுத்த படுக்கையா கெடக்கறவர் மேல பழியப் போடாதே."

தம்பி கடிதத்தை மறுபடி மேலிருந்து படித்தான். "ஒரு தடவ முறையிட்டுப் பாக்கலாம். ஒரே ஒரு தடவதான் விடுவாங்க. நீங்க முகத்தக் காட்டிப் பேசி, அத அனுப்பணும்."

அவள் முகம் அதுவரை எந்த வீடியோவிலும் வந்ததில்லை. கடைக்குள் சார்ஜர்கள் தொங்குகிற சுவர் முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்த்தி வைத்து எடுத்தான். தலையை ஒதுக்கிக்கொண்டாள். பேச வரவில்லை. மூன்றாவது முறை வந்தது.

"ஐயா, இது என் கைதான். நான்தான் தேய்க்கறேன். யாரையும் ஏமாத்தல. என் வீட்டுக்காரர் அடிபட்டுக் கெடக்கறாரு. இந்தக் காசுலதான் அவருக்கு வைத்தியம் நடக்குது. எங்க வீட்டுல யாரும் விளம்பரத்தத் தொடல. அவர் மேல சத்தியமாச் சொல்றேன்."

தம்பி அதற்கு மேலே இரண்டு வரி எழுதி அனுப்பினான். கடையை விட்டு இறங்கி, குடையில்லாமல் தெருவில் நின்றவளுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது.

"ஏன் தம்பி, அந்த வீடியோவெல்லாம் அழிச்சிடுவாங்களா?"

"இல்லக்கா, அது பாட்டுக்கு ஓடும். விளம்பரமும் வரும். காசு முழுக்க அவங்களுக்குப் போகும்."

"அப்ப நான் தேய்ச்சது?"

தம்பி கடை ஷட்டரைப் பார்த்தான். "ஓசிதான்க்கா."

வீட்டுக்கு வந்து, இந்த மாதம் காசு வரத் தாமதமாகும், ஏதோ மிஷின் கோளாறாம் என்று சொல்லி வைத்தாள். பெயிண்டர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு நாள் போனது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்கு முட்டையை உரித்துக் கொடுத்துவிட்டுத் தான் வெறும் டீயைக் குடித்துக்கொண்டு திரிந்தாள். ஒன்பதாம் நாள் காலை தம்பி கூப்பிட்டான். முறையீட்டைத் தள்ளிவிட்டார்கள். இனி யாரிடமும் போக முடியாது.

நடந்ததைச் சொல்லிவிடுவது என்றுதான் அவள் வீட்டுக்குள் நுழைந்தாள். தெரபி அம்மா வேலை முடித்துக் கைகழுவிக்கொண்டிருந்தார். வாசல்வரை அவளைத் தனியே கூட்டிப்போய்த் தணிந்த குரலில் சொன்னார்.

"நாலு மாசமா அண்ணனுக்கு மனசு நல்லா இருக்கும்மா. முன்னெல்லாம் நான் காலத் தொட்டாலே 'விட்டுடுங்க, செத்துப் போறேன்'ம்பாரு. இப்ப 'சீக்கிரம் முடிங்க, எனக்கு வேலை இருக்கு'ங்கறாரு. என்ன வேலைன்னு கேட்டா சிரிக்கறாரு. எதுவா இருந்தாலும் சரி, அத மட்டும் கெடுத்துடாதீங்க. உடம்பு அதாலதான் கேக்குது."

அவர் போனதும் பெயிண்டர் கூப்பிட்டான். "ஏய், இங்க வா. பக்கத்துல உக்காரு. ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"காசு கொறஞ்சுபோச்சுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியறே. மிஷின் கோளாறுன்னு எங்கிட்டயே சொல்றே. அது உன் தப்பில்ல. என் தப்பு."

"உங்க தப்பா?"

"போன மாசம் காய்ச்சல்ல மூணு நாள் கெடந்தேன்ல? அப்ப லீவு போட்டுட்டேன்."

"எதுக்கு லீவு?"

"வேலைக்குத்தான்." அவன் தலையணைக்கு அடியிலிருந்து பழைய போனை எடுத்தான். சின்னப் பிள்ளை ஒளித்துவைத்த பொருளைக் காட்டுவதுபோல அவன் முகத்தில் வெட்கமும் பெருமையும் சேர்ந்து இருந்தது. "நீ ஒருநாள் செல்கடைத் தம்பிகிட்ட போன்ல பேசினே. 'விளம்பரத்தத் தொட்டாதான் காசு கூடுமா தம்பி'ன்னு கேட்டே. அவன் சொன்னது எனக்குக் கேக்கல, நீ கேட்டது கேட்டுச்சு. படுத்துக் கெடக்கறவனுக்குக் காதுதானே வேலை. சரி, காலுதான் போச்சு, கையி இருக்குல்ல, ஒரு விரல் போதும்லன்னு ஆரம்பிச்சேன்."

அவள் அந்தப் போனையே பார்த்தாள்.

"காலையில எட்டு மணிக்கு ஆரம்பிப்பேன், நீ குழாயடிக்குப் போனதும். மேலேர்ந்து வரிசையா ஒவ்வொரு வீடியோவா எடுத்து, விளம்பரம் வந்ததும் ஒரு அமுக்கு. உள்ள போய், எண்ணி அஞ்சு வரைக்கும் நின்னு, வெளிய வருவேன். சும்மா தொட்டுட்டு ஓடினா நம்ப மாட்டான்ல? மத்தியானத்துக்குள்ள முதல் கோட்டு முடிஞ்சிடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். அப்புறம் அதே மாதிரி ரெண்டாவது கோட்டு. ஒரு கோட்டு பெயிண்டோட விட்டா சுவரு பிடிக்காது, உனக்குத் தெரியாதா? அஞ்சு மணிக்கு இறங்கிடுவேன்."

"நாலு மாசமாவா?"

"அதுக்கு மேலயே இருக்கும். போன ரெண்டு மாசமா நம்ம சைட் ஆளுங்களையும் இழுத்துட்டேன். மேஸ்திரிகிட்ட சொன்னேன். 'நீ கெடந்தும் உழைக்கறியேடா'ன்னு அழுதுட்டாரு மனுஷன். டீ குடிக்கிற நேரத்துல ஆளுக்குப் பத்து அமுக்கணும்னு உத்தரவு போட்டிருக்காரு. முப்பது பேரு. ஒருத்தன் கூட டபாய்க்கறதில்ல." அவன் குரல் தழைந்தது. "அதுலதான் காசு ஏறிச்சு. உன்கிட்ட சொல்லிடலாம்னு பலதடவ வாய் வரைக்கும் வந்துச்சு. நீ பாத்திரத்தத் தேய்ச்சிட்டு அவ்வளவு சந்தோஷமா வருவே. 'என்னைப் பாராட்டறாங்க'ம்பே. அத ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

பளபளாக்காவுக்கு முதலில் வந்தது கோபம். வாய்விட்டுக் கத்தவேண்டும், அந்தப் போனைப் பிடுங்கிக் குழாயடிக் கல்லில் அடிக்க வேண்டும், 'உன் காலை நீயே வெட்டிக்கிட்டியே பாவி' என்று சொல்ல வேண்டும் என்று நாக்குவரை வந்துவிட்டது. கூடவே இன்னொன்றும் உறைத்தது. யாரும் அவளைப் பாராட்டவில்லை. அவள் தேய்த்ததற்கு வந்த பாராட்டெல்லாம் இந்தக் கட்டிலிலிருந்தும், சாரத்தில் தொங்கிக்கொண்டு டீ குடிக்கிற முப்பது பேரிடமிருந்தும் வந்தது.

"கோவமா?" என்றான் அவன். "காய்ச்சல் வந்தாலும் இனிமே லீவு போட மாட்டேன். மூணாவது கோட்டும் போடறேன். ரெண்டே மாசத்துல பழையபடி ஏத்திடலாம். நீ கவலப்படாதே. நான் இருக்கேன்ல?"

நான் இருக்கேன்ல. விழுந்த நாளிலிருந்து அவன் வாயில் வராத வார்த்தை அது. அதற்கு முன்பு எதற்கெடுத்தாலும் அதைத்தான் சொல்வான்.

அவள் எழுந்து குழாயடிக்குப் போனாள். தூறல் விட்டிருந்தது. அங்கே ஊறவைத்த பாத்திரம் ஒன்று கரித்தண்ணீரோடு கிடந்தது. அதை எடுத்து வெறிகொண்டவள்போலத் தேய்த்தாள். போன் இல்லை, ஏணி இல்லை, சும்மாவே தேய்த்தாள். எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்னடி, விரல்ல ரத்தம் வருது, விடு" என்று கத்தினபிறகுதான் கையைப் பார்த்தாள்.

உள்ளே வந்து அவனிடம், "நல்லதுதான் செஞ்சிருக்கீங்க" என்றாள். அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது.

அடுத்த வாரம் தெரபி அம்மாவைத் தெருமுனையிலேயே மறித்து விஷயத்தைச் சொன்னாள். அவர் நல்லவர்தான். ஆனால் அவருக்கும் வீடு இருக்கிறது, பஸ்ஸுக்குக் காசு வேண்டும். இரண்டு தடவை சும்மா வந்தார். அவளுக்குப் பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்தார். "இது பாத்திரம் இல்லம்மா, பலத்தக் காட்டக்கூடாது" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். பிறகு வரவில்லை. பெயிண்டரிடம், தெரபி அம்மாவின் தாயாருக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொன்னாள்.

கேன்டீனில் அவள் பழைய இடம் போய்விட்டிருந்தது. இருந்தாலும் மானேஜர் காலை ஷிப்டில் அண்டா கழுவச் சேர்த்துக்கொண்டார். எதிர்வீட்டு அம்மாவிடம் சாவியைக் கொடுத்து, நடுவில் ஒருதரம் அவனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆறு மணிக்குக் கிளம்புவாள். "அங்க பெரிய பெரிய அண்டா இருக்குங்க, அங்கேயே வீடியோ எடுத்துக்கறேன்" என்று அவனுக்கு ஒரு காரணம். வாரத்துக்கு ஒன்று, அவன் நம்புவதற்காக, மானேஜர் காணாத நேரத்தில் எடுத்தும் போட்டாள்.

"இது நல்லா இருக்கு. பெரிய அண்டா, விளம்பரமும் நிறைய வருது" என்பான்.

மேஸ்திரி ஒருநாள் கூப்பிட்டார். "தங்கச்சி, பசங்க விடாம அமுக்கிக்கிட்டுத்தான் இருக்கானுங்க. காசு ஒழுங்கா வருதா?"

அண்டாவுக்குள்ளிருந்து தலையை எடுத்து, ஈரக்கையால் போனைப் பிடித்துக்கொண்டு, "வருதுண்ணே" என்றாள். "எல்லாருக்கும் சொல்லுங்க."

மத்தியானம் வந்து அவன் காலை அவளே மடக்கி நீட்டினாள். தெரபி அம்மாவின் கைப்பக்குவம் அவளுக்கு வரவில்லை. இரண்டாவது மாதம் வலது முட்டி பாதிக்கு மேல் மடங்க மறுத்தது. பலத்தைக் காட்டினால் அவன் அலறினான். விட்டால் அது அப்படியே நின்றது. விரல்களைத் தடவி, "அசைங்க பாக்கலாம்" என்பாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முயல்வான். இரண்டு பேரும் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு அவள், "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று போர்வையை இழுத்து மூடுவாள்.

ஒரு சனிக்கிழமை மாலை. மறுபடி கேன்டீனுக்குப் போய் வாரக்கூலி வாங்கிக்கொண்டு, வழியில் அரிசியும் முட்டையும் வாங்கி வந்து அவள் வைத்தபோது அவன் போனை அணைத்துத் தலையணை பக்கத்தில் வைத்தான்.

"மணி அஞ்சாச்சா?"

"ஆச்சு."

"இன்னைக்கு சனிக்கிழமைல்ல? சைட்ல இந்நேரம் மேஸ்திரி கூலி போட்டுக்கிட்டு இருப்பாரு. எல்லாரும் கைகாலக் கழுவிட்டு வரிசையா நிப்பானுங்க." கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். "நான் ஒண்ணு கேட்டா சிரிக்கக்கூடாது."

"சிரிக்கல."

"எல்லாம் உன் கணக்குலதான் வருது, தெரியும். வீட்டுக்குத்தான் செலவாகுது, அதுவும் தெரியும். இருந்தாலும் நானும் வேலை செய்யறேன்ல? என் கூலின்னு ஒருதரம் கைல வாங்கிப் பாக்கணும்போல இருக்கு. ரெண்டு வருஷமாச்சு."

அவள் திரும்பி நின்று, இடுப்பில் செருகியிருந்த பர்ஸை எடுத்தாள். அரிசி முட்டை போக மிச்சமிருந்ததை அப்படியே எடுத்து அவன் கையில் வைத்தாள். நோட்டுகளில் சோப்பு வாடை வந்தது. அவன் எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினான். எண்ணி முடித்ததும் அவன் முகத்தில் வந்த தெளிவை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. முட்டைகளை எடுத்து அடுக்குவதுபோல் குனிந்துகொண்டாள்.

"இங்க வா" என்றான். "இந்தா, பிடி."

"உங்க கூலிங்க. நீங்களே வச்சிக்குங்க."

"நான் வச்சிக்கிட்டு எந்தக் கடைக்குப் போகப்போறேன்? தெரபி அம்மாவுக்குத் தனியா எடுத்து வை. அவங்க ஊர்லேர்ந்து வந்ததும் குடு. அவரோட சொந்தக் காசுன்னு சொல்லிக் குடு."

அவள் வாங்கிக்கொண்டாள். அந்தப் பணத்துக்குத் தெரபி அம்மா ஒருநாள்கூட வரமாட்டார்.

"பத்தும்ல?" என்று கேட்டான்.

"பத்தும்" என்றாள்.